வாசகர் கடித நோட்டு

அவர் அழுததைப் பார்த்த முதல் நாளே நான் அந்த வேலையை விட்டிருக்க வேண்டும்.

தூத்துக்குடியில் காமிக்ஸ் புத்தகம் போட்டுக்கொண்டிருந்தவர் அவர். எல்லோருக்கும் அண்ணாச்சி. நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், மேசைக்கு எதிரே உட்காரச் சொல்லி ஒரு நீள நோட்டை என் பக்கம் தள்ளினார். வாயில் வெற்றிலை.

"எழுதும்மா. அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு. தங்கள் இதழைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இப்படி ஒரு மனிதர் நம் தமிழுக்குக் கிடைத்திருக்கிறாரே என்று நினைத்து நினைத்து..."

அங்கே நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். கண்ணில் தண்ணீர் நின்றது. நடிப்பில்லை, உள்ளபடியே தண்ணீர். தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு, "இப்படிக்குன்னு பேரு ஒண்ணு போட்டுக்கோ. ஊரு கோவில்பட்டி வேண்டாம், போன மாசம் போட்டாச்சு. பரமக்குடின்னு போடு" என்றார்.

அன்றைக்கு எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பஸ்ஸில் நாசரேத் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே போனேன். ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்து, நிர்வாகம் மாறியதில் வேலை போய், ஏழு மாதம் வீட்டில் இருந்தவள் நான். காமிக்ஸ் கம்பெனியில் பிழை திருத்துவது, வசனத்தைச் சீர்செய்வது, கணினியில் பக்கம் கட்டுவது என்று கிடைத்த வேலை எனக்குப் பெரிய வரமாகத் தெரிந்தது. அந்தச் சிரிப்பு குமட்டலாக மாற நான்கு வருடம் ஆயிற்று.

கிரேட் காட்டன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், கருவாட்டு மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கிக்கு மேல் மாடியில் ஆபீஸ். கீழேயிருந்து கருவாட்டு வாடை ஏறும். அதை அடக்க அவர் ஊதுபத்தி கொளுத்துவார். இரண்டும் சேர்ந்து வரும் வாடைக்குப் பெயர் கிடையாது. ஆத்தூர் வெற்றிலை தவிர வேறு போடமாட்டார். துப்புவதற்கு மேசைக்கடியில் பழைய பெயின்ட் டப்பா. பக்கம் புரட்ட விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார். எந்தப் பக்கமானாலும் அப்படித்தான். அச்சுக்குப் போக வேண்டிய மூல ஓவியங்களின் ஓரங்களில் அவருடைய சிவப்பு ரேகை இருக்கும். அதை நான் கணினியில் துடைத்தெடுப்பேன்.

ஐந்து வரிசைகளில் புத்தகம் போட்டார். குதிரையும் துப்பாக்கியுமாக வரும் சூறைக்காற்று வரிசை, பேய்க் கதைகளுக்குக் கருங்கிணறு வரிசை, துப்பறியும் கதைகளுக்கு ஒற்றைத் தடயம், பிள்ளைகளுக்குக் குட்டிக்குரங்கு. இவையெல்லாம் வெளிநாட்டிலிருந்து உரிமை வாங்கித் தமிழாக்கியவை. ஐந்தாவதான ஆழ்கடல் வரிசை மட்டும் இங்கேயே வரைந்தது. ஐந்துக்கும் ஐந்து ஆசிரியர் பெயர்கள் அச்சாகும். ஐந்து பேரும் அவர்தான். ஒருவர் தலையங்கத்தில் இன்னொருவரை வாழ்த்துவார். "சூறைக்காற்று ஆசிரியரின் உழைப்பைக் கண்டு நான் வெட்கப்படுகிறேன்" என்று கருங்கிணறு ஆசிரியர் எழுதுவார். அடுத்த மாதம் சூறைக்காற்று ஆசிரியர் அடக்கமாக நன்றி சொல்வார். வாசகர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் வைத்திருந்தார். அதில் அவர் மட்டும்தான் பேச முடியும்.

சொந்தக்காரர்கள் எல்லாம் பாத்திரக் கடை, பலசரக்குக் கடை என்று உட்கார்ந்திருக்க, இவர் காமிக்ஸ் போட வந்தது துணிச்சல்தான். காமிக்ஸும் அவருக்குத் தெரியும். ஒரு பக்கத்தைப் பார்த்த உடனே எந்தக் கட்டம் கண்ணை எங்கே இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். சம்பளம் ஒன்றாம் தேதி காலையில் கைக்கு வந்துவிடும். எனக்குக் காய்ச்சல் என்றபோது ஆட்டோ பிடித்து அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இதையெல்லாம் சொல்லாமல் விட்டால் நானும் அவரைப் போல் திருத்தி எழுதுகிறவளாகிவிடுவேன்.

ஆனால் அவரால் ஒன்று முடியாது. இன்னொருவருக்கு வந்த நல்ல சொல்லை உரியவரிடம் சேர விடுவது முடியாது.

வாசகர்கள் நிஜமாகவே எழுதினார்கள் என்பதுதான் இதில் கேவலம். மாதம் நாற்பது ஐம்பது பேராவது எழுதுவார்கள். அஞ்சலட்டை வரும், இன்லண்ட் வரும், ஆபீஸ் போனுக்குப் பத்தி பத்தியாகச் செய்தி வரும். காமிக்ஸ் வாசகர்களைப் போல எழுதுகிறவர்கள் வேறு எங்கும் கிடையாது. அவை எல்லாவற்றையும் அந்த நீள நோட்டில் நான் நீல மையில் பிரதி எடுக்க வேண்டும். பெயரும் ஊரும் போதும், முகவரி எழுதக் கூடாது. பிறர் கையெழுத்தைப் படித்தால் தலைவலி வருகிறது என்று அதற்குக் காரணம் சொன்னார். பிரதி எடுத்தபின் போனில் வந்ததை அழித்துவிடுவார். அஞ்சலட்டையை நான்காகக் கிழித்து, சுண்ணாம்பு ஒட்டிய விரலைத் துடைத்து டப்பாவில் போடுவார். யாரோ ஒருவர் மெனக்கெட்டு, ஓரத்தில் இடம் போதாமல் சாய்த்துச் சாய்த்து எழுதிய அட்டை எச்சிலில் ஊறிக் கிடப்பதைத் தினமும் பார்த்தேன். பிறகு நோட்டை வாங்கி, என் நீல எழுத்துக்கு மேலே சிவப்பு மையில் திருத்துவார். அவர் சொந்தமாகச் சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்களும் அதே நோட்டில்தான், அதே நீல மையில்தான். திருத்தியபின் எது யார் எழுதியது என்று எனக்கே சில சமயம் தெரியாது.

ஆழ்கடல் வரிசையை வரைந்தவர் சூசையண்ணன். ஆலந்தலைக்காரர். வாலிபத்தில் சங்கு குளிக்கப் போனவர், காதுச் சவ்வு கிழிந்து கரையேறினார். இரண்டு காதும் கேட்காது. அவர் வரைந்த கதையின் பெயர் 'குளியாள் சிலுவை'. அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும் சிலுவை என்ற ஒருவனின் கதை. மாதக் கடைசிச் சனிக்கிழமை வருவார். வரைந்த தாள்களைச் சுருட்டி, இரண்டு பக்கமும் மூடி போட்ட பிவிசி பைப்புக்குள் வைத்துக் கொண்டுவருவார். மழையில் நனைந்தாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. தாளை விரித்தால் எனக்கு எதிரே கடல் தரை கிடக்கும். நான் கடற்கரைப் பக்கத்துக்காரிதான், ஆனாலும் கடலுக்கு அடியில் வெளிச்சம் எப்படி விழும் என்று அவர் படத்தில்தான் பார்த்தேன்.

புத்தகத்தில் அவர் பெயர் வராது. 'ஓவியம்: நம் குழு' என்று வரும். ஒருமுறை அலைக் கோடுகளுக்கு நடுவே 'சூ' என்று ஓர் எழுத்தை மட்டும் ஒளித்து வைத்திருந்தார். அண்ணாச்சி பூதக்கண்ணாடி வைத்துக் கண்டுபிடித்துவிட்டார்.

"படம் கம்பெனிக்குள்ளது. இதுல எவன் பேரும் கிடக்கப்பிடாது" என்று சொல்லிக்கொண்டே வெள்ளை மையைத் தடவினார். காய்ந்துவிட்டதா என்று எச்சில் விரலால் தொட்டும் பார்த்தார். அதற்குப் பின் சூசையண்ணன் ஒவ்வொரு புத்தகத்திலும் ஓரிடத்தில் அந்த எழுத்தை ஒளித்துவைத்தார். அதைத் தேடி அழிப்பது என் வேலையாயிற்று. அழித்தேன்.

மூன்றாவது புத்தகத்தில் சிலுவை கடலுக்குள் இறங்குவது எட்டுப் பக்கம். எட்டிலும் ஒரு வசனம் கிடையாது. அதற்கு ஆத்தூரிலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். "எட்டுப் பக்கமும் முடிந்தபின்தான் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது தெரிந்தது. இதை வரைந்தவர் யார்? அந்தக் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். அதை ஒரு சொல் விடாமல் நோட்டில் பிரதி எடுத்தேன். அச்சில் அது இப்படி வந்தது: "ஆசிரியர் அவர்களே, வசனமே இல்லாத எட்டுப் பக்கங்களை வெளியிடத் தங்களுக்கு எவ்வளவு துணிச்சல்! தங்கள் கையை ஒருமுறை பிடித்துப் பார்க்க வேண்டும்."

அதைத் திருத்தி முடித்தபோதும் அவர் கண் கலங்கினார்.

"அண்ணாச்சி, சூசையண்ணன்ட்ட இந்த ஒண்ணை மட்டும் காட்டினா என்ன?" என்று கேட்டேன்.

வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "ஏளா, உனக்கு வெவரம் பத்தாது. இன்னைக்குக் காட்டுனா நாளைக்கு எம் பேரைப் போடும்பான். நாளன்னைக்கு இந்தப் புத்தகமே என்னோடதும்பான். பாராட்டெல்லாம் புத்தகத்துக்கு வாரதுளா. புத்தகம்னா யாரு? நான்தான்." சொன்னது அவருக்கே பிடித்துப்போய், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

சூசையண்ணன் மாதாமாதம் அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டுப் போகும்போது என் மேசையில் நின்று ஒன்றே ஒன்று கேட்பார். காது கேளாதவர்களுக்குள்ள உரத்த குரலில், "ஏதும் வந்துச்சாம்மா, நம்ம சிலுவைக்கு?" என்பார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து அண்ணாச்சி என்னைப் பார்ப்பார். காது கேளாதவரிடம் பொய் சொல்ல வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். நான் ஆட்டினேன். மாதம் ஒருமுறை, மூன்று வருடத்துக்கும் மேல்.

ஒருநாள் அவர் கொஞ்சம் தைரியம் வந்து, புத்தகத்தின் கடிதப் பக்கத்தை விரித்து அண்ணாச்சியிடமே காட்டினார். இத்தனை பேர் எழுதுகிறார்களே, சிலுவையைப் பற்றி ஒருவர்கூடவா இல்லை என்று கேட்பது முகத்திலேயே தெரிந்தது. அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்தார். ஒரு தாளை எடுத்து, "இதெல்லாம் நம்ம டீச்சர் எழுதுறதுடே. நெசமா எவன் எழுதுதான்?" என்று எழுதிக் காட்டி, என் பக்கம் கையை நீட்டினார். சூசையண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமில்லை. இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு எழுத வருமா என்ற ஆச்சரியம்தான் இருந்தது. வந்த கடிதங்களை ஒளித்த பெரிய பொய்யை மறைக்க, நாங்களே சில கடிதங்கள் எழுதிய சின்னப் பொய்யைத் தூக்கிக் கொடுத்த அந்தச் சாமர்த்தியத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதைவிடவும் புத்தகத் திருவிழாவில் நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. எங்கள் ஸ்டாலுக்கு ஒருவர் வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார். ஆழ்கடல் வரிசையின் நான்கு புத்தகங்களும் அவர் கையில் இருந்தன, ஓரமெல்லாம் படித்துப் படித்து நைந்து.

"அண்ணாச்சி, எங்க அப்பா குளிக்கப் போனவரு. ஒரு கால் விரல்ல கல்லுக்கயிறு, மத்த கால் விரல்ல வலைப்பைன்னு கவ்விக்கிட்டு இறங்குவாராம். சொல்லித்தான் கேட்டிருக்கேன். இதுலதான் கண்ணால பார்த்தேன். அந்த விரலைக்கூடச் சரியா வரைஞ்சிருக்காங்க. யாரு அண்ணாச்சி அது?"

சூசையண்ணன் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். தோளில் புத்தகக் கட்டு.

அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்தார். "நான் பக்கத்துல இருந்து சொல்லச் சொல்ல ஒரு பய வரைவான். எல்லாம் நம்ம மண்டையில உள்ளதுதான்."

கிரேன்காரர் அவருடைய இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த எச்சில் விரல்களை. சூசையண்ணன் ஆசையாக எட்டிப் பார்த்து, என்ன விஷயம் என்று புருவத்தைத் தூக்கினார். அண்ணாச்சி இரண்டு விரலைத் துப்பாக்கி போல நீட்டிச் சுட்டுக் காட்டினார். குதிரைக்காரன் கதையைப் பாராட்டுகிறார் என்று அர்த்தம். சூசையண்ணன் சந்தோஷமாகச் சிரித்து, கிரேன்காரருக்கு ஒரு வணக்கமும் வைத்தார். நான் பில் புத்தகத்தில் கார்பன் தாளை மாற்றிக்கொண்டிருந்தேன். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை, அது புதிதாகத்தான் இருந்தது.

ஐந்தாவது புத்தகத்தின் கடைசிக் கட்டத்தில் சிலுவை கடலடியில் கிடக்கிறான். கால் பாறையில் மாட்டியிருக்கிறது, கை கயிற்றைப் பிடித்திருக்கிறது. ஆறாவதோடு கதை முடிய வேண்டும். ஐந்தாவதின் தாள்களைக் கொடுத்துவிட்டு சூசையண்ணன் வழக்கம்போல் என் மேசைக்கு வந்தார். அன்றைக்கு அவர் கேள்வி கேட்கவில்லை.

"இதுக்கும் ஒண்ணும் வரலன்னா விட்டுருதேன்மா. மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் கம்பெனியில கூப்பிடுதாங்க. கீழ கிடக்கவன் கயித்தை ஆட்டுனா மேல உள்ளவன் இழுக்கணும்லா. நானும் எத்தனை நாளா ஆட்டுதேன். மேல ஆளே இல்ல போல."

அந்தப் புத்தகம் வந்ததும் கடிதங்கள் குவிந்தன. சிலுவை பிழைப்பானா என்று ஊர் ஊராகக் கேட்டார்கள். "ஆசிரியர் அவர்களே, தாங்கள் சிலுவையைக் காப்பாற்றுவீர்கள் என்று நம்புகிறோம்" என்று அண்ணாச்சி சிவப்பு மையில் திருத்திக்கொண்டே போனார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் நான் நோட்டைப் பைக்குள் வைத்தேன். பழைய நோட்டுகள் இரண்டையும் பீரோவிலிருந்து எடுத்தேன். சாவியை மேசையில் போட்டுவிட்டு இறங்கினேன். நான்கு வருடத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம் என்று அப்போது நினைத்தேன்.

ஆலந்தலையில் கோயிலுக்குப் பின்புறம் அவர் வீடு. வாசலில் உட்கார்ந்து, எதிரே சிலுவை நட்ட குருசடியின் நிழலில் நோட்டுகளை மடியில் வைத்துப் புரட்டினார். நான் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் காட்டினேன். ஆத்தூர்க்காரர், உடன்குடி டீச்சர், மணப்பாட்டிலிருந்து எழுதிய கல்லூரிப் பிள்ளை. ஒரு தாளில் எழுதியும் காட்டினேன்: 'எல்லாம் நிஜக் கடிதங்கள். உங்களுக்கு வந்தவை. மறைத்துவிட்டோம்.' கிரேன்காரரைப் பற்றியும் எழுதினேன், உங்கள் பக்கத்தில்தான் நின்றார், உங்கள் படத்தைத்தான் சொன்னார் என்று. அவர் நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு மூன்று இடத்தில் திரும்பவும் போய்ப் படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். பெற்ற பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பது போன்ற சிரிப்பு.

"எல்லாம் உன் கையெழுத்துதானம்மா."

இல்லை என்று தலையை ஆட்டினேன். பிரதி எடுத்தேன், அண்ணாச்சி கிழித்துவிட்டார் என்று எழுதினேன். பேனா தாளைக் கிழித்தது.

"நீ எழுதியிருக்க, அண்ணாச்சி மேல திருத்தியிருக்காரு. சிவப்பு தெரியுதுல்லா. எதுக்கும்மா எனக்காண்டி இவ்வளவு பாடுபட்ட? கை கடுத்துப் போயிருக்குமே." நோட்டுகளை மூடி, தூசி தட்டி, என் மடியில் வைத்தார். மறுவாரம் ஐஸ் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

ஆறாவது புத்தகம் வரத்தான் செய்தது. அண்ணாச்சி கம்ப்யூட்டரிடம் சொல்லி வரையவைத்திருந்தார். சிலுவை கயிற்றைப் பிடித்து மேலே வருகிறான், பிடித்த கையில் ஆறு விரல். கடல் கண்ணாடித் தொட்டி மாதிரி பளபளவென்று இருந்தது. கடிதப் பக்கத்தைத் திருப்பினேன். முதல் கடிதம் என் பெயரில். "நான் இந்நிறுவனத்தில் பணியாற்றியவள் என்ற முறையில் சொல்கிறேன். பழைய ஓவியங்களைவிட இவை பல மடங்கு உயர்ந்தவை. ஆசிரியர் அவர்களின் கற்பனைக்கு இப்போதுதான் நியாயம் கிடைத்திருக்கிறது." இதைச் சொல்லும்போதும் அந்த மனிதர் அழுதிருப்பார். புதிதாக வந்த ஒருத்தி எழுதிக்கொண்டிருந்திருப்பாள்.

பல மாதம் கழித்துத் திருச்செந்தூர் பஸ் ஸ்டாண்டில் சூசையண்ணனைப் பார்த்தேன். வேலை முடிந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். தலைமுடி நன்றாக நரைத்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"டீச்சர், உன் கடுதாசி பார்த்தேன். அண்ணாச்சி எனக்கு இன்னமும் ஒரு காப்பி தபால்ல அனுப்புதாரு."

நான் பதறிப்போய்ப் பைக்குள் பேனாவைத் தேடினேன். அவர் கையமர்த்தினார்.

"அது நீ எழுதலன்னு எனக்குத் தெரியும்மா. உன் எழுத்து எனக்குத் தெரியாதா? அந்த நோட்டுல எழுதியிருந்தே பாரு, ஆத்தூர்க்காரரு மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படிச்சாருன்னு. அதுல்லா எழுத்து! வாசிச்சுட்டு, நீ எழுதுனதுன்னு தெரிஞ்சும் நாலு நாளு நெசம்னே நினைச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். சாகுற வரைக்கும் போதும் எனக்கு."

சொல்லிவிட்டு என் இரண்டு கையையும் பிடித்தார். ஐஸ் உடைத்து உடைத்து அவர் உள்ளங்கை மரத்துப்போய்க் கிடந்தது. அப்படியே தூக்கித் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை, இல்லை என்று ஆட்டிக்கொண்டே நின்றேன். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.